ஏரி மீனும் மலை எலுமிச்சையும்

ஐப்பசி, முதல் ஞாயிறு, காலை

புரட்டாசி முடிந்த கையோடு மீன்கார அண்ணன் மலை ஏறிவிட்டார். திருப்பத்தூரில் கிளம்பி, வளைவு வளைவாக ஏறிப் புதூர்நாடு வந்து சேர்வதற்குள் பெட்டியில் பாதி ஐஸ் தண்ணீராகிவிடும். அதனால் கடல் மீன் பக்கமே அவர் போவதில்லை. ரோகு, கட்லா, ஜிலேபி, அவ்வளவுதான்.

"ஜிலேபி எடுத்துக்குங்க டீச்சர். விடிகாலையில ஏரியில புடிச்சது. செவுளைப் பாருங்க" என்று விரலால் நெம்பிக் காட்டினார். நல்ல சிவப்பு. கண் கலங்காமல் துருத்திக்கொண்டிருந்தது. முதுகை அழுத்தினேன், குழி விழவில்லை. இரண்டு மீன் வாங்கினேன்.

ஜிலேபியை எடுக்க முள்தான் முதல் காரணம். ரோகு, கட்லா சதைக்குள் கவை கவையாகச் சின்ன முட்கள் ஓடும். குழம்பில் பொறுமையாகப் பிரித்துத் தின்னலாம், அவசரத்துக்கு ஆகாது. ஜிலேபியில் அந்தத் தொல்லை இல்லை. நடுமுள்ளை ஒட்டிக் கத்தியை ஓட்டினால் இரண்டு பக்கமும் வெள்ளைச் சதை முழுசாகக் கழன்று வந்துவிடும். தலையும் முள்ளும் மறுநாள் குழம்புக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாமைச் சோறு வேகிற நேரத்துக்குள் வறுத்து முடிக்க இதைவிடத் தோதான மீன் இந்த மலையில் கிடைக்காது.

இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது என்று 1959-லேயே பரப்பத் தடை போட்டார்கள். மீன் கேட்கவில்லை. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்தே காக்கிற இனம், எந்தக் குட்டையிலும் பெருகிவிடும். இப்போது பண்ணைகளில் வளர்ப்பது பெரும்பாலும் இதன் உறவான நைல் ஜிலேபி. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆராய்ச்சியில் பொறுக்கி எடுத்து மேம்படுத்திய ரகம், சீக்கிரம் எடை வைக்கும்.

ஞாயிறு, இரவு

உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் மட்டும் தடவி வறுத்தேன். முதுகுப் பக்கம் அருமை. வயிற்றுப் பக்கம் வரவர லேசாகச் சேற்று வாடை. சாப்பிட முடியாத அளவுக்கு இல்லை, ஆனால் இருந்தது.

போனில் அம்மாவிடம் சொன்னேன். கடலூர் முதுநகர்க்காரி, வஞ்சிரமும் வவ்வாலும் பார்த்து வளர்ந்தவள். "ஏரி மீனா? மண்ணு நாத்தம் அடிக்குமேடி. எலுமிச்சம்பழம் புழிஞ்சியா?" என்றாள். மீன் என்றாலே எலுமிச்சை என்பது அவள் கணக்கு. ஆனால் கடல் மீனின் வாடையும் ஏரி மீனின் வாடையும் ஒன்றா என்ன?

செவ்வாய்

மதியத்திலிருந்து மழை. இதே மலையில் காவலூர் வானாய்வகத்தில் இன்று யாரும் குவிமாடத்தைத் திறக்கப் போவதில்லை. நனைந்த செம்மண் வாசனை வகுப்பறைக்குள் வந்து நின்றது. பிள்ளைகள் மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தார்கள்.

மாலையில் வேதியியல் புத்தகங்களைப் புரட்டினேன். கடல் மீன் வாடையின் பெயர் டிரைமெத்திலமைன். உப்புத் தண்ணீரில் வாழ்வதற்காகக் கடல் மீன் தன் உடம்பில் ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருக்கும். மீன் செத்ததும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போது இந்த வாடை கிளம்பும். ஏரி மீனுக்கு அந்த உப்புச் சுமை இல்லை, அதனால் அந்த வாடையும் அதிகம் இல்லை.

ஏரி மீனின் வாடை வேறு. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஜியோஸ்மின். மண்ணில் வாழும் பாக்டீரியாவும் குளத்து நீலப்பச்சைப் பாசியும் உண்டாக்குவது. 1965-இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கன்னோஜில் மண்ணைச் சுட்டு, அதன் வாசனையை வடித்துக் குப்பியில் அடைத்து அத்தராக விற்கிறார்கள். மழையில் வந்தால் கொண்டாடுகிறோம், மீனில் வந்தால் முகம் சுளிக்கிறோம். பொருள் ஒன்றுதான்.

நம் மூக்கு இதற்கு ரொம்பக் கூர்மை. லட்சம் கோடி பங்குத் தண்ணீரில் சில பங்கு கலந்திருந்தாலே கண்டுபிடித்துவிடும். மீனின் தோலிலும் கருஞ்சதையிலும் கொழுப்பிலும் போய்த் தங்குகிறது. ஞாயிறு இரவு வயிற்றுப் பக்கம் மட்டும் வாடை அடித்ததன் கணக்கு இப்போது புரிகிறது. நல்ல பண்ணைக்காரர்கள் விற்பதற்குச் சில நாள் முன்பே மீனைச் சுத்தமான தண்ணீரில் விட்டு இதைப் போக்கிவிடுவார்கள். ஏரியில் வலை போடுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

வியாழன்

பக்கத்து வீட்டு அக்கா கொல்லையில் பறித்த எலுமிச்சை கொண்டுவந்து கொடுத்தார். சின்னச் சின்னப் பழம், தோல் மெலிசு, நகம் பட்டாலே வாசனை தெறிக்கிறது. அப்படியே ஏரி மீன் பேச்சை எடுத்தேன்.

"கல்லுப்புப் போட்டு உரசுவோம் டீச்சர். அப்பறம் மோரு ஊத்தி அலசுவோம். மோரு இல்லன்னா புளித்தண்ணி."

புளிப்பு. எல்லா வழியும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. ஜியோஸ்மினுக்குப் புளிப்பு ஆகாது, அமிலம் பட்டால் சிதைந்து வாடை இல்லாத பொருளாக மாறிவிடும். ஏரி மீன் குழம்பில் புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, ஒரு ராத்திரி வைத்து மறுநாள் தின்னும் வழக்கத்துக்கு நாக்கு மட்டுமே காரணம் என்று நினைத்திருந்தேன். கடல் மீனில் அமிலம் செய்கிற வேலை வேறு. டிரைமெத்திலமைனை உப்பாக்கி, ஆவியாகிப் பறக்காமல் பிடித்து வைக்கிறது. ஆக அம்மா சொன்னதும் சரி, அக்கா சொன்னதும் சரி.

குழம்புக்குப் பொழுது இருக்கிறது. பத்து நிமிட வறுவலில் புளிப்பை எப்போது சேர்ப்பது? முன்னாடியே ஊறவைத்தால் சதை அமிலத்திலேயே வெளுத்து இறுகிவிடும், கல்லில் போட்டால் வறட்டுத் தூளாக உதிரும். கடைசியில் பிழிந்தால் வாசனை நிற்கும், ஆனால் மண் வாடையைச் சிதைக்க அதற்கு நேரம் இருக்காது.

அடுத்த ஞாயிறு, இரவு

மறுபடி ஜிலேபி. இம்முறை தோலையும் உரித்தேன். வால் பக்கம் சதையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, கத்தியைத் தோலோடு படுக்கவைத்து இழுத்தால் வந்துவிடுகிறது. வயிற்று ஓரத்தில் உள்ள மெல்லிய மடிப்பையும், நடுவில் ஓடும் பழுப்பு வரியையும் சீவி எடுத்தேன். வாடையில் பாதி இதிலேயே போயிருக்கும்.

ஒரு மீனின் இரண்டு பக்கத்தையும் இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன். ஒன்றுக்கு உப்பு மட்டும். இன்னொன்றின் மேல் அரைப் பழம் பிழிந்து, கல்லுப்புத் தூவி, சாமை கொதிக்கிற பத்து நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றினேன். ஈரம் இருந்தால் மீன் வறுபடாது, அவியும். அதனால் துணியில் ஒட்டாத அளவுக்குத் துடைத்தேன். மேலே அரிசி மாவு, மிளகுத்தூள் மெலிசாக.

இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து மல்லாட்டை எண்ணெய் இரண்டு கரண்டி. மீனை வைத்ததும் சடசடவென்று சத்தம் வந்தது. அதன்பிறகு தொடவில்லை. மேலோடு பொன்னிறமானால் மீன் தானாகவே கல்லை விடும், அதற்கு முன் கிளறினால் பாதி கல்லிலேயே நின்றுவிடும். ஓரத்தில் கண்ணாடிபோல் இருந்த சதை வெள்ளையாக மாறி, அந்த வெள்ளை மெல்ல மேலே ஏறியது. முக்கால்வாசி ஏறியதும் திருப்பினேன்.

பூண்டு போட்டது அப்போதுதான். நசுக்காமல் வட்டம் வட்டமாகச் சீவியது. முதலிலேயே போட்டால் மீன் வேகுமுன் கருகிக் கசக்கும். திருப்பிய பிறகு தீயைக் குறைத்து ஓரத்து எண்ணெயில் விட்டால் இரண்டும் ஒன்றாக முடியும். கூடவே கறிவேப்பிலை, எலுமிச்சைத் தோல் துருவல் ஒரு சிட்டிகை. புளிப்பு சாற்றில், வாசனை தோலில். துருவும்போது அடியிலுள்ள வெள்ளைச் சதை சேர்ந்தால் கசந்துவிடும்.

மீன் சதையின் தசை நார் குட்டையானது. நாரை இணைக்கும் சவ்வும் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். அதனால்தான் ஆட்டுக்கறிக்குத் தேவைப்படும் நேரத்தில் கால் பங்குகூட இதற்கு வேண்டாம். விரலால் தொட்டால் இதழ் இதழாக விலகுகிற பதத்தில் தட்டுக்கு எடுத்தேன். மீதி அரைப் பழத்தைத் தட்டில் வைத்துத்தான் பிழிந்தேன். கல்லில் பிழிந்தால் நாள்கணக்கில் பழக்கிய எண்ணெய்ப் பூச்சைப் புளிப்பு தின்றுவிடும், இரும்பு வாடையும் ஏறும்.

அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். எது எந்தத் துண்டு என்று சொல்லாமல் இரண்டையும் கொடுத்தேன். உப்பு மட்டும் போட்டதைத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். மற்றதை எடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, தட்டை மட்டும் மறுபடி நீட்டினார். தோலுரித்த பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று எதிர்பார்த்தேன். இருந்தது. ஊறிய துண்டில் மீன் ருசி மட்டும்தான், பின்னால் வேறெதுவும் வரவில்லை.

திங்கள்

அம்மாவுக்குச் சொல்லவேண்டியது இது: எலுமிச்சையை இரண்டு தடவை பயன்படுத்து. முதல் பாதி வாடைக்கு, பத்தே நிமிடம், பிறகு கழுவி விடு. இரண்டாம் பாதி வாசனைக்கு, அடுப்பை அணைத்த பிறகு. அவளுடைய புது வஞ்சிரத்துக்கு முதல் பாதி தேவையே இல்லை, இரண்டாம் பாதி போதும். கேட்கமாட்டாள்.

தலையும் முள்ளும் புளிக்குழம்பாகி இரண்டு வேளைக்கு ஆயிற்று. அண்ணனிடம் அடுத்த வாரத்துக்கு ரோகு சொல்லிவிட்டேன். முள் அதிகம், அதனால் அதுவும் குழம்புக்குத்தான்.