ஜெனீவா நடராசரும் நான் திருத்திக்கொண்ட பாடமும்



ஆசிரியர் தம் பிழையைத் தாமே எழுதுவது அரிது. இன்று அப்படியொன்றை எழுதத் துணிந்தேன்.

சுங்கை வேயில் ஐந்தாம் ஆண்டு வகுப்பு. பத்துமலை முருகன் சிலையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 42.7 மீட்டர் உயரமுள்ள அச்சிலை கான்கிரீட்டால் எழுப்பிப் பொன்வண்ணம் பூசப்பட்டது என்றேன். மாணவர் சிலருக்கு ஏமாற்றம். "இந்தக் காலத்தில் வெண்கலத்தில் யாரும் சிலை செய்வதில்லையா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

உடனே, ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையத்தில் நிற்கும் நடராசர் என் நினைவுக்கு வந்தார். அணுவினும் நுண்ணிய துகள்களை ஆராயும் இடம் அது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். புலனத்தில் வந்த செய்தியொன்றை நம்பி, "அணுவின் அசைவை முதலில் கண்டவர்கள் நம் முன்னோரே என ஒப்புக்கொண்டுதான் மேலைநாட்டு அறிவியலாளர்கள் அச்சிலையை வைத்து வணங்குகிறார்கள்" என்று முழங்கிவிட்டேன். வகுப்பே கைதட்டியது.

இரு நாள்கள் கழித்து அம்மாணவியின் தந்தை பள்ளி வாயிலில் என்னைக் கண்டார். தொழிற்சாலையொன்றில் தொழில்நுட்பராகப் பணிபுரிபவர். "சார், அந்தச் சிலை இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு என்றுதானே அந்த மையமே சொல்கிறது? நாளை இடைநிலைப்பள்ளியில் எல்லா இனப் பிள்ளைகளும் இருப்பார்கள். அங்கே இதைச் சொல்லி என் மகள் தலைகுனியக் கூடாது, சார்" என்றார். அவர் குரலில் சினமில்லை. அதனாலேயே அது என்னைச் சுட்டது.

அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். அவர் சொன்னதே சரி. 1960களில் தொடங்கிய உறவின் நினைவாக இந்தியா வழங்கிய இரண்டு மீட்டர் உயரச் சிலை அது. 2004ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அருகிலுள்ள பலகையில் இயற்பியலாளர் பிரிட்ஜாப் காப்ராவின் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் 1975இல் வெளியிட்ட நூலில், துகள்கள் ஓயாது தோன்றி மறைவதைச் சிவன் கூத்தோடு ஒப்பிட்டார். அஃது உவமை, சான்று அன்று. உவமையணியைக் கற்பிக்கும் நானே உவமையைச் சான்றாக்கிவிட்டேன்!

மறுநாள் வகுப்பில், "நான் சொன்னது தவறு" என்றேன். அமைதி நிலவியது. பின், "அப்படியானால் நமக்குப் பெருமை இல்லையா ஐயா?" என்றான் ஒருவன்.

"இருக்கிறது, கேளுங்கள்" என்று தொடங்கினேன். உடுக்கை படைத்தல்; அபயகரம் காத்தல்; கைத்தீ அழித்தல்; ஊன்றிய பாதம் மறைத்தல்; தூக்கிய பாதம் அருளல். இவ்வைந்தொழில் விளக்கம் 'உண்மை விளக்கம்' என்னும் சைவ சித்தாந்த நூலில் இருக்கிறது. கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி, அதை ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தார். அக்கட்டுரை இடம்பெற்ற அவருடைய நூல் 1918இல் நியூயார்க்கில் வெளிவந்தது. சோழர் காலத்தில் செம்மையுற்ற ஒரு வடிவத்தின் பொருள் இவ்வாறு கைமாறிக் கைமாறி உலகெங்கும் சென்றது. இந்த உண்மைக்குப் பொய் எதற்கு?

அம்மாணவியின் கேள்விக்கும் விடை சொன்னேன். ஜி20 மாநாட்டிற்காக 2023இல் புதுதில்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட நடராசர், சுவாமிமலை ஸ்தபதிகள் எட்டு உலோகங்களைக் கலந்து வார்த்தது. உயரம் ஏறத்தாழ 27 அடி. எடை ஏறத்தாழ 18 டன். முறையோ பழைய மெழுகு வார்ப்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வர். காவிரி வண்டல் மண்ணால் மூடி உலர்த்துவர். சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுவர். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவர். ஆறியபின் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளிப்படும். ஓர் அச்சுக்கு ஒரே சிலை. மெழுகில் விட்ட பிழை உலோகத்திலும் பதியும். ஆகவே மெழுகாக இருக்கும்போதே திருத்திவிட வேண்டும்.

இதைச் சொல்லும்போது என் முன்னே முப்பது பிள்ளைகள் அமர்ந்திருந்தனர்.

இறுதியில் அம்மாணவி படத்தைச் சுட்டி, "காலடியில் கிடப்பவர் யார் ஐயா?" என்றாள்.

"முயலகன். அறியாமையின் வடிவம்" என்றேன். "புலனச் செய்தியை ஆராயாமல் நம்பினால் அவன் எழுந்துவிடுவான்."

பிள்ளைகள் சிரித்தனர். நானும் சிரித்தேன். அன்று மாலை அவள் தந்தையைக் கண்டு நன்றி சொன்னேன். நம் பிழையைச் சுட்டும் பெற்றோரை நாம் பகைவராக எண்ண வேண்டா, ஆசிரியப் பெருமக்களே. பெற்றோர்களே, நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள்.