அறுப்பதும் அள்ளுவதும்

16.6.2025, திங்கள்

ஹெர்ட்ஃபர்ட்ஷையர். புதுக் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் முதலாண்டுக் கணக்கெடுப்பு. 2024 பிப்ரவரியிலிருந்து இங்கிலாந்தில் பெரும்பாலான பெரிய கட்டுமானங்களில் முன்பிருந்த இயற்கை மதிப்பைவிட 10 சதவீதமாவது கூட்டிக் காட்ட வேண்டும். கூட்டியதை 30 ஆண்டு காக்கவும் வேண்டும். ‘நல்ல நிலை’ என்று எழுத ஒரு சதுர மீட்டரில் 10 வகைச் செடியாவது இருக்க வேண்டும். சதுரச் சட்டகத்தைப் போட்டு எண்ணினால் ஐந்து, ஆறு, மறுபடி ஐந்து. எங்கும் ரைகிராஸ் புல்.

வேலியோர ஹாதார்ன் கன்றுகள் பல கருகிவிட்டன. நூறு ஆண்டில் காணாத வறண்ட வசந்தம், பின்னே? மாற்றுக் கன்று இனி குளிர்காலத்தில்தான்.

17.6.2025

வடக்குச் சரிவில் பதினொன்று! கட்டடக்காரர்கள் மேல்மண்ணை வழித்தெடுத்த இடம் அது. வழித்த மண்ணைக் கொட்டிய தெற்கு மூலையில் புல் இடுப்பளவு, பூ ஒன்றுகூட இல்லை. கொழுத்த மண்ணில் புல் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். மெலிந்த மண்ணில்தான் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கும். ஊரில் வயலுக்கு எரு அடித்து வளர்ந்தவனுக்கு இது மனதில் ஏறச் சில காலம் பிடித்தது.

சரிவில் யெல்லோ ராட்டில் பூத்திருக்கிறது. புல்லின் வேரில் ஒட்டி உறிஞ்சும் செடி. புல் தளரும், மற்றவை தலைதூக்கும். ஓராண்டுச் செடிதான். விதை உதிரும் முன் அறுத்தால் அடுத்த ஆண்டு அநேகமாக இருக்காது.

19.6.2025, வியாழன்

நாயோடு வந்த ஒரு பாட்டி கேட்டார்: “வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். இதை ஏன் வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள்?” ஜூலைக் கடைசியில் வெட்டுவோம் என்றேன். நாயின் கழிவும் மண்ணைக் கொழுக்க வைக்கும் என்றதும் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். நியாயம்.

20.6.2025

பராமரிப்பு ஒப்பந்தத்தைப் படித்தேன். ‘ஆண்டுக்கு இருமுறை அறுத்தல்’ என்றிருக்கிறது. அறுத்த புல்லை அள்ளுவது பற்றி ஒரு சொல் இல்லை. கிடந்து மக்கினால் அத்தனையும் எரு. பத்தே ஆண்டில் சரிவும் தெற்கு மூலை மாதிரி ஆகிவிடும். வரைபடம், வண்ண அட்டவணை, நிழற்படப் புள்ளிகள் எல்லாம் பராமரிப்புத் திட்டத்தில் அழகாக இருக்கின்றன. செலவு பிடிக்கும் வேலையைத்தான் காணோம். அள்ளி அப்புறப்படுத்த விலை கேட்டு ஒப்பந்தக்காரருக்கு எழுதினேன். அறுப்புக் கூலியைவிட அதிகம் வந்தது. கவுன்சிலுக்குப் போகும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்தத் தொகையைப் போட்டுவிட்டேன்.