போன வருஷத்துப் பரண்

காவல் பரண் கட்டிய வருஷத்தில் விழுவது அபூர்வம். அடுத்த வருஷம்தான் விழும்.

மூங்கில் நிமிர்ந்து நிற்கிறது, கட்டுக்கம்பி இறுக்கமாக இருக்கிறது, போன அறுப்புக்கு ரெண்டு ஆளைத் தாங்கியதுதானே என்ற நம்பிக்கையில், இருட்டில் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் ஏறுவார். ஏணியை விட்டுத் தட்டுக்குக் கால் மாற்றுகிற அந்த ஒரு எட்டில்தான் வரிச்சு முறியும். மேலே உட்கார்ந்திருக்கும்போது வரும் ஆபத்தைவிட ஏறும்போதும் இறங்கும்போதும் வருவது அதிகம் என்று பரணில் படுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும். அதிலும் விடியப்போகும் நேரத்துத் தூக்கக் கலக்கம் பொல்லாதது.

சேர்வராயன் மலையில் காவலுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் காப்பித் தோட்டங்கள், அவற்றைத் தாண்டினால் நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம் என்று மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். சாமையும் கேழ்வரகும் கதிர் முற்றும்போது காட்டுப்பன்றி வரும். காட்டெருமையோ தோட்டத்துக்குள் பகலிலேயே நிற்கும். யானைக்கூட்டம் இங்கே கிடையாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராகிக் காவல் என்றால் உயர்ந்த மரத்தின் கவைக்கு ஏறியாக வேண்டும். இங்கே பத்து, பன்னிரண்டு அடி போதும். அந்தக் குறைந்த உயரம்தான் அலட்சியத்தைக் கொண்டுவருகிறது. பத்தடியிலிருந்து பாறையிலோ வெட்டிய காப்பிக் கட்டையிலோ முதுகு பட விழுந்தால் தண்டுவடம் போக அதுவே போதும்.

வேட்டைப் பரணும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த தோட்டத் துரைமாருக்கு ஷிகார் ஒரு பொழுதுபோக்கு. பழைய சேலம் மாவட்டக் காடுகளில் அலைந்து எழுதிய கென்னத் ஆண்டர்சன் கயிற்றுக் கட்டிலையே கிளைகளுக்கு நடுவில் கட்டி உட்கார்ந்தவர். அப்படிப்பட்ட பரணின் ஆயுள் சில இரவுகள். 1972 வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த ஆட்டம் அடங்கியது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வழிசெய்தது. காட்டை ஒட்டியே வயல் கிடக்கும் மலை ஊர்களுக்கு அதனால் என்ன லாபம்? தகரம், டார்ச், தொண்டை, இவைதான் விவசாயியின் கையில். ஆகவே பரண் இன்னும் வேண்டியிருக்கிறது.

சங்கப் பாடல்களில் தினைப்புனத்துப் பெண்கள் கிளி ஓட்டிய இதணம் என்ற பரணும் ஒரு பருவத்துச் சாமான்தான். பெரியவர்கள் கட்டிய பரணும் அதே கணக்கு. அந்த வருஷம் வெட்டிய கழி, பச்சை ஆத்திநார், காட்டுக்கொடி. அறுப்பு முடிந்தால் கழி அடுப்புக்குப் போகும். நார் காய்ந்து தளர்வது கண்ணுக்குத் தெரியும். அடுத்த வருஷம் அதை நம்பி யாரும் கால் வைக்கமாட்டார்கள். இப்போது கட்டுவது கட்டுக்கம்பி, நீலக் கயிறு, நாலங்குல ஆணி, மேலே பழைய ஃபிளெக்ஸ் பேனர். கட்டுதான் கெட்டியானது, கழி பழைய கழியேதான். கம்பியை அறுத்தால் வீண் என்று பிரிக்காமல் விடுகிறார்கள். நல்ல சாமான் வந்த பிறகுதான் பழைய பரண்கள் மலையில் நின்று தங்க ஆரம்பித்தன.

மூங்கிலுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. அதைத் தேடித்தான் துளைப்பான் வண்டு வருகிறது. வெளித்தோலில் சிலிக்கா நிறைந்திருப்பதால் அது பளபளப்பாக அப்படியே இருக்கும், தின்பதெல்லாம் உள்ளே. வெளியே தெரிவது குண்டூசித் தலையளவு ஓட்டையும் அடியில் கொட்டிக் கிடக்கும் மஞ்சள் மாவும்தான், அதையும் மழை கழுவிவிடும். மருந்து போடாத மூங்கிலை மண்ணில் ஊன்றினால் 1 முதல் 3 வருஷம், மண் படாமல் கூரைக்கடியில் வைத்தால் 4 முதல் 6 வருஷம் என்பது பொதுவான கணக்கு. மூன்று வயது ஆகாத இளங்கழி இன்னும் சீக்கிரம் போகும். வெட்டியதைச் சில வாரம் ஓடையில் ஊறப்போட்டால் மாவுச்சத்தில் ஒரு பங்கு கரையும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் வண்டு அண்டாது. ஆனால் அந்த மருந்து மழையில் கரைந்து வடியக்கூடியது, இரண்டு பருவமழையும் அடிக்கும் மலையில் திறந்தவெளிப் பரணுக்கு அது முழுக் காப்பு அல்ல. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். தேய்பிறையில் வெட்டியதும் மண்ணில் ஊன்றினால் தரைமட்டத்தில் அழுகத்தான் செய்யும்.

மரத்தோடு சேர்த்துக் கட்டினால் வேறு தொல்லை. தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் வைத்த சில்வர் ஓக் வேகமாகப் பருக்கும். இறுக்கிச் சுற்றிய கம்பி பட்டைக்குள் புதைந்து, அந்த இடத்தில் மரமே நோஞ்சானாகும். பெருங்காற்றில் அங்கே ஒடியலாம். ஆணி அடித்த பலகையையும் பருக்கும் மரம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டுவது அதைவிட மோசம்: காற்றில் இது ஒரு பக்கம் ஆடும், அது ஒரு பக்கம் ஆடும், இடையில் முடிச்சுகள் தேயும். நாலு கால் நட்டுத் தனியாக நிற்க வைத்த பரணே மேல்.

பழைய பரணைச் சோதிக்கத் தெரிந்தவர் அதில் ஏறிப் பார்ப்பதில்லை. கொடுவாளின் பின்புறத்தால் கணுவுக்குக் கணு தட்டுவார். நல்ல கழி கணீரென்னும், உளுத்தது பொத்தென்னும். மண்ணும் காற்றும் சந்திக்கிற தரைமட்டத்தில் கத்தி முனையைக் குத்துவார். அழுகல் அங்கேதான் தொடங்கும். நீலக் கயிற்றை விரலில் முறுக்கினால் தூளாக உதிர்கிறதா? வெயில் தின்றுவிட்டது. ஒரு கழியை மட்டும் மாற்றுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான சிக்கனம். புதுக்கழி தரும் தைரியத்தில் பழைய கழிமேல் பாரம் ஏறும்.

மிளகு ஏணியிலும் இதே கதை. காப்பி பறித்து முடியும் தறுவாயில் மிளகு அறுப்பு தொடங்கும். அப்போது கொட்டகையில் கிடந்த ஒற்றை மூங்கில் கண்ணேணியை வெளியே எடுத்துச் சாத்துவார்கள். நடுவே போன மாதங்களில் வண்டு என்ன செய்தது என்று யார் பார்த்தார்கள்? அழுகாதது, லேசானது என்று பலர் அலுமினிய ஏணிக்கு மாறினார்கள். அதைத் தூக்கி நகர்த்தும்போது மின்கம்பியில் பட்டுத் தொழிலாளர்கள் இறந்த செய்திகள் குடகிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் வந்திருக்கின்றன. கம்பி போகும் வரிசையில் மூங்கிலோ ஃபைபர் ஏணியோதான் வைக்க வேண்டும். பச்சை மூங்கிலையும் நனைந்த மூங்கிலையும் அங்கே நம்பக்கூடாது.

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் இன்றும் மரப்பரணில்தான் உட்காருகிறார்கள். ஒஹாயோவில் 1998 முதல் 2007 வரை வேட்டையில் காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்த 130 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். குண்டடி பட்டவர்கள் 29 விழுக்காடு; விழுந்தவர்கள் சரிபாதி, அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பரணிலிருந்து விழுந்தவர்கள். துப்பாக்கியைவிடப் பரண் அதிகம் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது. அங்கே இப்போது முழு உடல் வார்ப்பட்டை போடாமல் ஏறாதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கேயும் ஐ.எஸ். 3521 முத்திரையோடு கட்டிட வேலைக்காரர்கள் போடும் பட்டை சேலத்துக் கடைகளில் கிடைக்கும். மிளகு பறிப்பவருக்கு அதைத் தோட்டக்காரர் வாங்கித் தரலாம், தர வேண்டும். இரண்டு ஏக்கர் சாமைக்காரர் தாமே வாங்க வேண்டும். அவர் முதலில் யோசிப்பது விதைச் செலவைத்தான்.

பட்டை வாங்கினாலும் கயிற்றைப் பரணின் கழியில் கட்டினால் பயனில்லை, பரண் விழும்போது கூடவே விழ வேண்டியதுதான். பக்கத்தில் உயிருள்ள நல்ல மரம் இருந்தால் அதன் தண்டில், தலைக்கு மேலே, தொய்வில்லாமல் கட்ட வேண்டும். டார்ச், தகரம், போர்வை எல்லாம் கீழே இருக்கட்டும். ஏறி உட்கார்ந்த பிறகு தனிக்கயிற்றில் இழுத்துக்கொள்ளலாம். பட்டையில் தொங்கியவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். அதனால் காவலுக்குத் தனி ஆளாகப் போகக்கூடாது, செல்போன் சிக்னல் எட்டாத சரிவுகளில் கட்டாயம் கூடாது.