முகம் பார்த்துப் பாடுகிறவர்கள்

கன்னியாகுமரியில் கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் டெல்லியில் வந்து நிற்கும் இடம் என்பதால் நிஜாமுதீன் என்ற பெயர் நம்மவர்களுக்குப் பழக்கம். ஆனால் ஸ்டேஷனோடு சரி. பெட்டியை இறக்கி ஆட்டோ பிடித்து ஆர்.கே.புரமோ மயூர் விஹாரோ போய்விடுவோம். அந்தப் பெயருக்கு உரிய சூஃபி ஞானி ஹஸ்ரத் நிஜாமுதீன் அவுலியா அடங்கியிருக்கும் தர்கா, ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில், மதுரா ரோட்டைத் தாண்டினால் இருக்கிறது. போவதென்றால் வியாழக்கிழமை சாயங்காலம் போக வேண்டும். கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாட்டுக்குக் கூட்டம் கூடும் நாள் அது.

தர்காவைச் சுற்றியுள்ள பஸ்தி என்கிற குடியிருப்பின் வாயிலிலேயே கடைத்தெரு ஆரம்பித்துவிடுகிறது. சீக் கபாப் புகை, தந்தூரிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி, அத்தர், தொப்பி, தஸ்பீஹ் மணி, சமாதிக்குப் போர்த்த ஜரிகைக் கரை வைத்த பச்சைச் சாதர். உள்ளே போகப் போகச் சந்து குறுகி, எதிரே ஒருவர் வந்தால் தோளைத் திருப்பித்தான் நடக்க வேண்டும். "செருப்பை இங்கே விடுங்க, காசு வேண்டாம்" என்று கடைக்குக் கடை கூப்பிடுகிறார்கள். காசு வேண்டாம்தான், ஆனால் செருப்பைக் கழற்றி நிமிர்வதற்குள் ரோஜா இதழ் நிரப்பிய தட்டு கைக்கு வந்துவிடும். விலையை நம் முகம் பார்த்துச் சொல்வார்கள். என் ஹிந்தியில் மெட்ராஸ் வாடை அடிப்பதால் எனக்கு எப்போதும் ஒரு விலை கூடுதல்தான்.

இந்தத் தெருவில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைப்பது சாப்பாட்டுக் கடைகள். கடை வாசலில் ஏழைகள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். யாரும் கை நீட்டுவதில்லை. வேண்டுதல் நிறைவேறியவரோ, சும்மா மனசு வந்தவரோ கல்லாவில் போய் இத்தனை பேருக்கு என்று பணம் கட்டினால், கடைப் பையன் தலையை எண்ணி ரொட்டியும் சால்னாவும் கொடுப்பான். மிச்சமிருக்கிறவர்கள் வரிசையில் முன்னே நகர்வார்கள். தர்மமும் வியாபாரமும் ஒரே கல்லாவில் நடக்கின்றன. அதில் யாருக்கும் கூச்சமில்லை.

அந்தச் சந்து சட்டென்று திறந்து முற்றத்தில் விடும். முதலில் நிஜாமுதீனின் சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவின் சமாதிக்குப் போய்விட்டுப் பிறகுதான் குருவிடம் போவது வழக்கம். இருவரும் 1325-இல் சில மாத இடைவெளியில் காலமானார்கள். கவ்வாலிக்குக் குஸ்ரோதான் மூலவர் என்பது பாடுகிறவர்களின் நம்பிக்கை. சமாதி அறைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. 2018-இல் சட்டக் கல்லூரி மாணவிகள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாட்டு நடக்கும் முற்றத்தில் எல்லோரும் உட்காரலாம்.

பாடகர்கள் சமாதியைப் பார்த்து உட்காருகிறார்கள். ஆர்மோனியம், டோலக், பின்வரிசையின் கைத்தட்டல், அவ்வளவுதான். இறைவன் புகழ், நபி புகழ், பிறகு அவுலியாக்கள் என்று பாட்டு போகிறது. முக்கியப் பாடகரைக் கவனித்துப் பாருங்கள். வாய்தான் சமாதியைப் பார்த்துப் பாடும். கண் கூட்டத்தை மேய்ந்துகொண்டிருக்கும். எந்த அடிக்கு யார் தலை அசைகிறது, யார் கண் கலங்குகிறது என்று பிடித்துவிடுவார். பிடித்த பிறகு அந்த அடியை விடமாட்டார். அதையே திருப்பித் திருப்பி, கொஞ்சம் ஏற்றி, ஒரு சொல்லை மட்டும் உடைத்துப் பாடிக்கொண்டிருக்க, கேட்டவர் எழுந்து வந்து ஆர்மோனியத்தின் பக்கத்தில் நோட்டை வைப்பார். ரோஜாத் தட்டு விற்கிற கடைக்காரர் செய்வதும் இதைத்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மனிதர் முகத்தைப் படிக்கத் தெரியாதவர் இங்கே கடையும் வைக்க முடியாது, பாடவும் முடியாது.

நம் சபாக்களில் காசு வாசலிலேயே முடிந்துவிடுகிறது. டிக்கெட் கிழித்தபின் பாடகருக்கும் நமக்கும் பணப் பேச்சு கிடையாது, கேன்டீன் கட்டடத்தின் பின்பக்கம். அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒருவர் ஒரு சங்கதிக்கு உருகினார் என்பதற்காக அந்த ஒரு வரியில் கச்சேரி கால் மணி நேரம் நிற்பதை நான் எங்கே பார்த்தேன்? நிரவலில் எப்போதாவது. அதுவும் பாடகருக்கு மனசு வந்தால்.

ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'ராக்ஸ்டார்' படம் 2011-இல் வந்தது. அதன் 'குன் ஃபாயா குன்' பாட்டை இதே தர்காவில்தான் எடுத்தார்கள். அந்தப் பாட்டை எதிர்பார்த்து வந்து செல்போனை உயர்த்தியபடி நிற்கும் இளைஞர்களை இப்போது நிறையப் பார்க்கலாம்.

கூட்டம் ஆகாதவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தர்கா உண்டு. வீணைக் கலைஞரும் சூஃபியுமான இனாயத் கான் அங்கே அடங்கியிருக்கிறார். 1882-இல் பரோடாவில் பிறந்து, 1910-இல் அமெரிக்கா போய், 1927-இல் டெல்லியில் மறைந்தவர். இவருடைய தாத்தா மௌலா பக்ஷ் தெற்கே வந்து கர்நாடக சங்கீதம் கற்றவர். மைசூர் அரசவையில் மரியாதை பெற்றவர். பிரிட்டனுக்காக உளவு பார்த்து 1944-இல் நாஜிகளின் டகாவ் முகாமில் கொல்லப்பட்ட நூர், இனாயத் கானின் மகள். இந்தத் தர்காவில் வெள்ளிக்கிழமை கவ்வாலி. மரநிழல், சுத்தமான தரை, தாராளமாகக் காலை நீட்டலாம். நல்லவர்கள்தான் பாடுகிறார்கள், குறை சொல்ல முடியாது. எனக்கென்னவோ, முழங்காலில் யாரோ முட்டுகிற, அத்தரும் கபாப் புகையும் கலந்து மூக்கில் ஏறுகிற அந்த வியாழக்கிழமை நெரிசல்தான் சரிப்படுகிறது.