கழுகுமலை: கரிசலுக்கு நடுவே ஒற்றைப் பாறை

திருநெல்வேலியிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே கிளம்பினால், கங்கைகொண்டானைத் தாண்டுவதற்குள் தாமிரபரணிப் பாசனத்தின் நெல்லும் வாழையும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு வரும்போது இருபுறமும் கரிசல்தான். கோவில்பட்டியில் மேற்கே திரும்பிச் சுமார் 20 கி.மீ. போனால், மரமில்லாமல் மொட்டையாக நிற்கிறது கழுகுமலை. 1986இல் மாவட்டம் பிரியும்வரை இதுவும் நெல்லைச் சீமைதான்.

பொதிகையைப் பார்த்து வளர்ந்த, தாத்தாவோடு வந்த பாளையங்கோட்டைச் சிறுமிக்கு இது மலையாகவே படவில்லை. “இதுக்கா தாத்தா விடியுமுன்ன எழுப்புனீங்க?” என்றாள்.

விடியுமுன் எழுப்பியதற்குக் காரணம் உண்டு. பாறை வழியில் நிழல் குறைவு; பத்து மணிக்கெல்லாம் கல் கொதிக்கத் தொடங்கிவிடும். படிகளைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். ஏறுவதற்குப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம், நல்ல பிடிப்புள்ள செருப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும். மழை பெய்த ஈரத்தில் மட்டும் கவனம் தேவை.

பாதித் தூரத்திலேயே கால்கள் தாமாக நின்றுவிடும். பாறை முகம் முழுக்கச் சமணத் தீர்த்தங்கரர்கள், வரிசை வரிசையாக. முற்காலப் பாண்டியர் காலத்தில், 8, 9ஆம் நூற்றாண்டுகளில் உருவானவை. பாம்பு படமெடுத்துக் குடைபிடிக்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகா இயக்கி ஆகியோரை எளிதில் அடையாளம் காணலாம். சிறிய உருவங்களின் கீழே வட்டெழுத்து வரிகள். எந்த உருவத்தைச் செய்வித்தது யார், எந்த ஊர் என்று அவை சொல்கின்றன. தச்சரும் குயவரும்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். திருச்சாரணத்துக் குரத்திகள் போன்ற பெண் துறவிகளின் பெயர்களும் உண்டு. அவர்கள் மாணவர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியைகள்.

மலையின் இன்னொரு பக்கம் வெட்டுவான் கோயில். இதை மேலிருந்து பார்ப்பதுதான் முறை, ஏனென்றால் சிற்பிகளும் மேலிருந்துதான் தொடங்கினார்கள். பாறையை மூன்று பக்கமும் அகழிபோல ஆழமாக வெட்டிப் பிரித்து, நடுவில் நின்ற கல்லைச் சிகரத்திலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டில் எல்லோராவில் கைலாசநாதர் கோயிலும் இப்படித்தான் உருவானது. இங்கே தென்புறத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். சுற்றிலும் பூதகணங்கள், மூலைகளில் நந்திகள்.

“அடியில ஒண்ணுமே செதுக்கலையே தாத்தா?”

“மேல முடிச்சாவ, கீழ வரலட்டி. அதுக்குள்ள வேல நின்னுபோச்சு.”

ஏன் நின்றது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. மகனின் கைத்திறன் கண்டு பொறாமைப்பட்ட தந்தைச் சிற்பி, அவனைக் கொன்றுவிட்டானாம். வரலாற்றில் அதற்குச் சான்று இல்லை. கருவறைக்காகக் குடைந்த இடத்தில் பிற்காலத்தில் பிள்ளையார் வந்து அமர்ந்தார்.

உச்சியிலும் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. அங்கே நின்றால் இந்தக் குட்டை மலையின் பலம் புரியும். சுற்றிலும் போட்டிக்கு வேறு உயரம் கிடையாது. எட்டிய மட்டும் தட்டை நிலம். உழுத கரிசல் கட்டங்கள், கண்மாய்க் கரைகள், பனைகள், தூரத்தில் சுற்றும் காற்றாலைகள். வானம் தெளிந்த நாளில் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்கோடும் தெரியும். நேர் கீழே கழுகாசலமூர்த்தி கோயிலும் தெப்பக்குளமும். தண்ணீருக்கு மழையை நம்பிய ஊர் எப்படிக் கண்மாய்களைச் சுற்றி அமைந்தது என்பதை வரைபடம் இல்லாமலே படிக்கலாம்.

இறங்கியதும் கழுகாசலமூர்த்தியைப் பார்க்கலாம். அவரும் குடைவரைக்குள் இருப்பவர்தான். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகன்மீதுதான். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் முன்னதாகவே இறங்குவது நல்லது. திரும்பும் வழியில் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கலாம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. சிறுமி இரண்டு பாக்கெட் கேட்டாள்.