மைனருக்குச் சோறு போடலாமா?

கல்யாணப் பந்தியில் குழந்தைக்கும் ஒரு இலை போடுகிறோம். 'சாம்பார்னா என்னன்னு சொல்லு பார்ப்போம்' என்று தேர்வு வைத்துவிட்டா போடுகிறோம்?

கோயிலில் வைக்கிறார்கள். கத்தோலிக்கர்களான எங்களுக்கு அதன் பெயர் புதுநன்மை. எனக்கு மூன்றாம் வகுப்பில் கொடுத்தார்கள். 'அப்பம் பல்லுல படக் கூடாது' என்று சிஸ்டர் சொன்னதுதான் அன்று எனக்கு முழுசாகப் புரிந்த இறையியல். சி.எஸ்.ஐ. நண்பர்கள் 'திடப்படுத்தல்' வரை, பெரும்பாலும் டீன் ஏஜ் வரை, காத்திருப்பார்கள். பக்கத்துக் கேரளாவில் ஆர்த்தடாக்ஸ் சிரியன் சபையைப் பாருங்கள்... ஞானஸ்நானம் வாங்கிய கைக்குழந்தைக்கு அன்றைக்கே நற்கருணை. பல்லே முளைத்திருக்காது!

அது புதுமையும் இல்லை. கைக்குழந்தைக்குக் கிண்ணத்திலிருந்து கொடுத்த சேதி, மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் எழுதியதிலேயே இருக்கிறது. மேற்கில்தான் வழக்கம் மெல்ல மாறியது. 1215-ல் கூடிய லாத்தரன் சங்கம், விவரம் தெரிந்த வயது வந்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது நன்மை வாங்க வேண்டும் என்றது. விவரம் எப்போது தெரியும்? பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று ஊருக்கு ஊர் இழுத்துக்கொண்டே போனார்கள். 1910-ல் போப் பத்தாம் பயஸ், ஏழு வயசு வாக்கில் கொடுக்கலாம் என்று முடித்துவைத்தார். சாதாரண அப்பத்துக்கும் இந்த அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதுமாம்.

வேண்டாம் என்பவர்கள் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைக் காட்டுவார்கள். தன்னைத்தானே சோதித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று அதில் வருகிறது. சரி. ஆனால் பவுல் திட்டியது யாரை? ஏழைகள் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, முந்திக்கொண்டு தின்று குடித்த பெரிய மனுஷர்களை. தொட்டில் குழந்தையா அதைச் செய்தது?

பி.காம். படித்தவனுக்கு இதில் இன்னொரு கணக்கும் தோன்றுகிறது. மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. 1903-ல் பிரிவி கவுன்சிலே சொல்லிவிட்டது. ஆனால் 1872-ஆம் வருஷத்து அதே ஒப்பந்தச் சட்டத்தில் 68-ஆவது பிரிவைப் பாருங்கள். மைனருக்குச் சோறு போட்டவன், அதற்கான காசை அந்த மைனரின் சொத்திலிருந்து கேட்டு வாங்கலாம். ஒப்பந்தம் வேறு, சோறு வேறு என்பது வெள்ளைக்காரனின் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

என் சித்தி மகளின் பெண்ணுக்குப் பதினோரு வயசு. பேச்சு வராது. 'புரியணுமேம்மா' என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருஷமாகப் புதுநன்மையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஞாயிறுதோறும் அம்மாவோடு வரிசையில் போகிறாள். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் தட்டைப் பார்த்ததும் கையை நீட்டுகிறவள், அந்த வரிசையில் மட்டும் கை கூப்பி நிற்கிறாள். வித்தியாசம் தெரியவில்லை என்று யார் சொன்னது?

இப்போது புது ஃபாதர் வந்திருக்கிறார். அவரைப் பார்க்கப் போகும்போது 1910-ஆம் வருஷத்து ஆணையில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போ என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.