சுடர் அணைந்தது ஏன்?

மார்கழி மாதத்துப் பின்னிரவில் பெண்ணாடத்தில் வெள்ளாற்றுப் பக்கமிருந்து வீசும் ஈரக்காற்று, இளைஞரையும் போர்வைக்குள் முடக்கிவிடும். அந்த வேளையிலும் எழுந்து நீராடி, ஒளுச் செய்து, சுபுஹுத் தொழுகைக்கு விரிப்பில் நிற்பதை எங்கள் அன்னையார் ஒருநாளும் விட்டவரல்லர். முதுமையால் தளர்ந்த கைகால்கள் குளிர்நீர் பட்டதும் விறைத்துப்போவதைக் காண எங்களுக்குப் பொறுக்கவில்லை. செம்புத் தவலையையும் விறகடுப்பையும் ஒதுக்கிவிட்டு, எரிவாயுவில் இயங்கும் கீஸர் ஒன்றை வாங்கிக் குளியலறைச் சுவரில் பொருத்தினோம். குழாயைத் திறந்தால் தானே பற்றிக்கொள்ளும்; மூடினால் தானே அணையும். பெற்றவளுக்கு நல்லதொரு பணிவிடை செய்துவிட்டோம் என்ற நிறைவு எங்களுக்கு.

அந்த நிறைவு நீடிக்கவில்லை. வெந்நீர் வரத் தொடங்கி ஆறேழு நிமிடம் ஆனதும் கருவி ‘டக்’கென்று அணைந்துவிடும். அன்னையார் பாதிக் குளியலில் நடுங்கிக்கொண்டு நிற்பார். குழாயை மூடித் திறந்தால் மறுபடி பற்றும். சிறிது நேரத்தில் மறுபடி அணையும்.

நாங்களே ஆராயத் தொடங்கினோம். தீப்பொறியை உண்டாக்குவதற்கும் வாயுவின் அடைப்பானைத் திறந்து பிடிப்பதற்கும் இக்கருவியில் இரண்டு பெரிய பாட்டரிக் கட்டைகள் உண்டு. அவை வலுவிழந்தால் சுடர் நிலைக்காது. புதியவற்றை மாற்றினோம், பயனில்லை. சிலிண்டரை மாற்றினோம், ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் பார்த்தோம், குறையில்லை. அடுத்து நீரின் விசை. நீர் உந்தும் விசையால் உள்ளேயுள்ள ரப்பர்ச் சவ்வு அசைந்தால்தான் வாயு திறக்கும். மாடித் தொட்டி போதிய உயரத்தில் இல்லாவிடினும், நீர் நுழையும் இடத்துச் சிறு சல்லடை அடைபட்டாலும் விசை குன்றிச் சுடர் அணையும். கழற்றிப் பார்த்தபோது ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு, சல்லடையில் வெண்சுண்ணாம்பாய்ப் படிந்திருந்தது. அதைத் தேய்த்துக் கழுவிய பின் கருவி விரைவாகப் பற்றியது. ஆனால் விடியற்காலையில் மட்டும் அணைவது நிற்கவில்லை.

பழுது பார்ப்பவரை அழைத்தோம். அவர் வந்தது நண்பகல். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் ஓடவிட்டார், அணையவே இல்லை. மறுநாளும் முறையிட்டபோது, “உள்ளே இருக்கிற உணரிதான் தொல்லை கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கம்பியை நேரே இணைத்துவிடுகிறேன். அப்புறம் அணையவே அணையாது” என்றார். அலுத்துப்போயிருந்த நாங்களும் சரி என்றே சொல்லிவிட்டோம். மறுநாள் வருவதாகச் சொல்லிச் சென்றார்.

அன்று மாலை அஸர் தொழுதுவிட்டு எங்கள் மாமா ஒருவர் வந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் பல்லாண்டு நெருப்பருகே நின்று உழைத்தவர். பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். அவர் கருவியைப் பார்க்கவில்லை. குளியலறையின் மேற்புறத்தைத்தான் பார்த்தார். பனிக்காற்று புகாதிருக்க, அங்கிருந்த காற்றுப்போக்கியை நாங்கள் அட்டை வைத்து அடைத்திருந்தோம்.

“தம்பி, நெருப்புக்கும் மூச்சு வேண்டுமப்பா. அடைத்துவிட்டால் அது எப்படி எரியும்? சூளையில் காற்றுத் தாராளமாய் இருந்தால் மண் சிவந்து வரும். காற்றை அடைத்தால் அதே மண் கறுத்துப் போகும். ஆமாம், இங்கே சுடர் நீலமாய் எரிகிறதா, மஞ்சளாகவா?”

மஞ்சள் படர்வதை நாங்கள் கண்டதுண்டு, பொருட்படுத்தியதில்லை. அவர் அன்னையாரிடம் திரும்பி, “அக்கா, குளித்து வந்ததும் உங்களுக்குத் தலை வலிக்கிறதா?” என்று கேட்டார்.

“பத்து நாளாகத் தலை பாரமாகத்தான் இருக்கிறது. கிறுகிறுப்பும் உண்டு. பனி என்று நினைத்தேன்” என்றார் அன்னையார்.

எங்களுக்கு உடல் சிலிர்த்தது. நாங்களும் பனி என்றே எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

நடந்தது இதுதான். ஒரு பங்கு சமையல் வாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். கதவும் காற்றுப்போக்கியும் அடைபட்ட சிற்றறையில் ஆறேழு நிமிடத்திலேயே காற்றிலுள்ள பிராணவாயு குறைந்துவிடும். இயல்பாக அது 21 விழுக்காடு. 18 விழுக்காட்டளவுக்கு இறங்கும்போது வாயுவை அடைத்துவிடும் காவல் உறுப்பு இத்தகைய கருவிகள் சிலவற்றில் உண்டு. எங்கள் கருவியிலும் இருந்தது. காற்றுப் போதாமல் எரியும் சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சமையல் வாயு கசிந்தால் மூக்கு அறிந்துகொள்ளட்டும் என்று அதில் நாற்றம் கலக்கிறார்கள். இந்த நஞ்சை அறிவிக்க ஒன்றுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு நினைவிழப்பு. உள்ளே தாழிட்டுக் குளிப்பவர் உதவிக்குக் குரல் கொடுக்கவும் இயலாது.

1868இல் இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் உடனுக்குடன் வெந்நீர் தரும் கருவியை அமைத்து, ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரால் அதற்குக் கீஸர் என்று பெயரிட்டார். எரிந்த புகை வெளியேற அதில் வழியில்லை. அன்று அவர் விட்ட குறையை, காற்றுப்போக்கியை அடைத்து நாங்களும் செய்திருந்தோம்.

மதீனாவில் ஓர் இல்லம் இரவில் குடியிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி எட்டியபோது, நெருப்பு மனிதர்க்குப் பகை என்றும், உறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைப் புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் காண்கிறோம். அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கும் நாம், குளியலறைச் சுவரில் எரிவதும் நெருப்பே என்பதை மறந்துவிடுகிறோம்.

மறுநாள் வந்த பழுது பார்ப்பவரிடம் உணரியைத் தொட வேண்டாம் என்றோம். கருவியையே கழற்றிக் கொல்லைப்புறத்துத் திறந்த தாழ்வாரத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்தோம். அட்டையை எடுத்தெறிந்தோம். அன்று முதல் நடுவில் அணைவதில்லை. அன்னையாரின் தலைவலியும் நின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் இல்லத்திலும் இக்கருவி அடிக்கடி அணைந்தால் பாட்டரியையும் சல்லடையையும் பாருங்கள். அவற்றுக்கு முன் காற்று வரும் வழியைப் பாருங்கள். காவல் உறுப்பை நீக்க மட்டும் எவருக்கும் இசைவு தராதீர்கள். குளிப்பவர் எவரேனும் மயங்கினால் கதவைத் திறந்து வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, வாயுவை அடைத்து, உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பத்து நாள் அந்தக் கருவியைப் பழுது என்று வைதோம். பாதிக் குளியலில் அன்னையாரை நடுங்கவிட்டதென்று சினந்தோம். அது அணைந்து அணைந்து அவரைக் காத்துக்கொண்டிருந்தது. நாம் கேட்பது கிடைக்காமற்போகும் தடையிலும் இறைவனின் ரஹ்மத் இருக்கக்கூடும் என்று மிம்பரில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன் பொருள் எங்களுக்குக் குளியலறையில்தான் விளங்கிற்று.